மற்றும் குழுவினர்

ஏப்ரல் 3, வியாழன்

போஸ்டர் அடிக்கும் அச்சகத்துக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. மூன்று மாதமாக ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகக் கிடந்தது. இன்றைக்கு எடுத்துத் துடைத்துவிட்டேன். எனக்குக் கத்த வேண்டும். கத்தினால் கீழ்வீட்டில் அண்ணிக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

பொருட்காட்சிக்கான போஸ்டர் மாதிரி வந்தது. 'மேஜிக் ஸ்டார் ஜெயவீரன் மற்றும் குழுவினர்.' ஜெயவீரன் என் அண்ணன். குழுவினர் நான். பத்தொன்பது வருடமாக அந்தக் குழுவினர் நான் ஒருத்திதான். பெட்டிக்குள் படுப்பவள், ரம்பத்தால் இரண்டாக அறுபடுபவள், பிறகு முழுசாக எழுந்து வந்து கையை விரித்துச் சிரிப்பவள். மேடையில் என்னை 'மிஸ் ரோஸி' என்பான். பாண்டியம்மாள் என்று சொன்னால் மாயம் கலைந்துவிடுமாம். மதுரையில் இருந்துகொண்டு இந்தப் பேச்சு.

பெயர் இல்லாதது பழகிவிட்டது. இந்தப் போஸ்டரில் பெட்டியிலிருந்து எழுந்து சிரிக்கும் பெண்ணும் நான் இல்லை.

"யாருண்ணே இது?"

"ரெபேக்கா. திண்டுக்கல் பிள்ள. ஆடல் பாடல் குரூப்புல ஆடிக்கிட்டிருந்துச்சு. ஒடம்பு ரப்பரு மாதிரி வளையுது."

"அப்ப நான்?"

"நீ கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு பாண்டி. பத்தொம்பதாந் தேதி மொத வரிசையில ஒனக்குச் சேர் போடச் சொல்லிட்டேன். நீ ஒரு தடவகூட முன்னாடி இருந்து பாத்ததில்லேல்ல?"

ரெஸ்ட்டாம். நான் என்ன கவர்மெண்ட் பஸ்ஸா, கொண்டுபோய் டெப்போவில் நிறுத்த?

வேறு ஏதாவது விவகாரமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அண்ணியிடம் சொல்லிவிட்டு வேடிக்கை பார்த்திருப்பேன். அவனுக்கு அந்தப் புத்தி கிடையாது. அவன் என் வேலையை மட்டும்தான் பிடுங்கியிருக்கிறான்.

ஏப்ரல் 5, சனி

துணி துவைத்தேன். அண்ணி மாடியில் கொடியை ஏற்றிக் கட்டியிருக்கிறாள். இடது கையைத் தூக்கி ஒரு சேலையைப் போடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலடி பத்து அங்குலத்தில் ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள் என்ற நினைப்பே யாருக்கும் கிடையாது. கடைசியில் பாதித் துணியைக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்டேன்.

தச்சர் பெரியகருப்பன் வந்தார். பெட்டி ஏதோ ஒரு மழையில் நனைந்து சுருங்கிவிட்டது, உள்ளே இடம் போதவில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் டேப்பை எடுத்தார்.

"அளவு அப்பிடியேதான் இருக்கும்மா. நான் செஞ்ச பொட்டி. தேக்கு. ஒரு நூலு கொறையல."

இவரும் அண்ணன் ஆள்தான். காபி கொடுக்காமல் அனுப்பினேன்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று இதில் எழுத மாட்டேன். என் கோபம் வேறு, தொழில் வேறு. உடம்பைச் சுருட்டி ஒரு பக்கம் சேர்க்க வேண்டும், அவ்வளவு சொல்லலாம். ரம்பம் நிஜமான ரம்பம். அதில் மட்டும் ஏமாற்று கிடையாது.

அவன் மந்திரக்கோலைச் சுழற்றி மூன்று தட்டுத் தட்டுவான். அதனால்தான் எல்லாம் நடக்கிறது என்று ஊர் நினைக்கிறது. உண்மையான தட்டல் என்னுடையது. உள்ளே உடம்பைச் சேர்த்து முடித்ததும் விரல் முட்டியால் மூடியில் இரண்டு தட்டு. அதன் பிறகுதான் ரம்பம் இறங்கும். அதற்கு முன்னால் இறங்கினால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. ஆக, எப்போது அறுக்க வேண்டும் என்று சொல்வது அறுபடுகிறவள். இது எந்தப் போஸ்டரிலாவது இருக்கிறதா?

ஏப்ரல் 8, செவ்வாய்

அந்தப் பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து காலைத் தொட்டுவிட்டாள். திமிராக இருப்பாள், ஒரு பிடி பிடிக்கலாம் என்று காலையிலிருந்து தயாராக இருந்தேன். எல்லாம் வீணாகிவிட்டது.

"அக்கா, ஒங்க ஷோவ நத்தத்துல சின்னப்புள்ளையில பாத்தேங்க்கா. நீங்க வெளிய வந்து சிரிச்சீங்கள்ல, அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல."

சின்னப் பிள்ளையில். நன்றாக இருக்கிறது. என் வயதைச் சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது.

பெட்டிக்குள் இறங்கச் சொன்னேன். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் செய்தாள். பத்து எண்ணுவதற்குள் உடம்பு போன இடம் தெரியவில்லை. பெட்டிக்குள் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது.

தச்சர் ரகசியமாக வந்து பெட்டியைப் பெரிதாக்கியிருப்பார் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

தோளுக்குத் தைலம். சும்மா தேய்த்துக்கொண்டேன், உடம்புச் சூட்டுக்கு.

ஏப்ரல் 12, சனி

அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று ரேஷன் கார்டு கதையைப் பழகிக்கொண்டிருந்தான். எனக்குக் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது.

முதலில் வழக்கமாக ஒரு ஆளைக் கூட்டத்திலிருந்து மேடைக்குக் கூப்பிடுவான், பெட்டி சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க. வருகிறவர்களில் பாதிப் பேர் தட்ட மாட்டார்கள், உதைப்பார்கள். அவர்களிடம் "ஒங்க பேரென்ன? எந்த ஊரு?" என்று கேட்டு, பெயரை வைத்து ஒரு கிண்டல், ஊரை வைத்து ஒரு கிண்டல். கூட்டம் சிரிக்கும். அப்புறம் நான் உள்ளே, மூடி மேலே. அப்போதுதான் அந்தக் கதை.

ஆரம்பத்தில் அது ஒரே வரி. "இவள ரெண்டா அறுத்தா ரேஷன் கார்டுல இன்னொரு பேரு சேக்கணுமே" என்பான். சிரிப்பார்கள். முடிந்தது. இப்போது அதில் தாலுகா ஆபீஸ் வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடை வந்துவிட்டது. போட்டோ ஸ்டூடியோக்காரன், ஆட்டோக்காரன், ஆட்டோவில் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் இடப் பிரச்சினை. ஒவ்வொரு ஊரிலும் நீட்டிக்கொண்டே போகிறான். உள்ளே நான் இருட்டில், வியர்வையில், முழங்கால் தாடையில் இடிக்கக் கிடப்பேன். அவனுக்குக் கைதட்டல் வாங்க வேண்டும். நாக்கு வளர வளர மனிதனுக்குக் கூடப் பிறந்தவள் மறந்துபோகிறாள்.

"இத்தன நீளம் எதுக்குண்ணே? ரம்பத்த எடுத்தமா அறுத்தமான்னு இருக்கலாம்ல?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "ஜனங்க ரசிக்கிறாங்க பாண்டி" என்பான், என் முகத்தைப் பார்க்காமல்.

நாளைக்கு அந்தப் பெண் கிடக்கட்டும் உள்ளே. பதினைந்து நிமிடம் ஜெராக்ஸ் கடையைக் கேட்கட்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஒத்திகை, மூன்றாவது தடவை. பொருட்காட்சித் திடலில் மேடை போட்டுவிட்டார்கள். நான் பெட்டியை ஒட்டி நின்று, பக்கவாட்டு இடுக்கு வழியாக அவள் உடம்பைச் சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டே, "ம், சரி" என்று சொன்னேன். அண்ணன் அறுத்தான். மூன்று தடவையும் அப்படித்தான். முதல் தரமான அறுப்பு.

முடித்துவிட்டு டீ குடிக்கும்போது ரெபேக்கா கேட்டாள்.

"அக்கா, நீங்க சொல்றதுனால அண்ணனுக்குத் தெரியுது. அன்னிக்கு நீங்க மேடையில இருக்க மாட்டீங்கள்ல? நான் ரெடின்னு அண்ணனுக்கு எப்பிடித் தெரியும்?"

"அதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும்" என்றேன்.

வரும் வழியில் வாழைக்காய் வாங்கினேன். நன்றாக இருந்தது. வறுத்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

தட்டல் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன் என்று ஞாபகம் வந்தது. போனை எடுத்தேன், சார்ஜ் இல்லை. சார்ஜ் போட்ட பிறகு மறந்துவிட்டது.

அவன்தான் சொல்லட்டுமே. பத்தொன்பது வருடமாகத் தட்டல் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாதா? பெட்டி தானாகவே தட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தானா?

ஏப்ரல் 19, சனி, காலை

மாம்பழக் கலர் சேலை. முதல் வரிசை என்றால் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஷோ ஆறரைக்கு. முதல் வரிசையில் பிளாஸ்டிக் சேர், பக்கத்தில் பஞ்சு மிட்டாயோடு ஒரு குடும்பம். விளக்கு அணைந்தது. அண்ணன் வந்து நடு மேடையில் நின்றான். பேசவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. இரண்டாயிரம் பேர் இருந்த திடலில் பஜ்ஜி போடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக ஒரு விரலைத் தூக்கினான். மொத்தக் கூட்டமும் அந்த விரலைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அவனுக்கு இப்படி நிற்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருப்பவளுக்கு அமைதியும் ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான்.

இப்படி ஒரு ஆள் என் அண்ணன் என்று பெருமை வந்தது. வந்ததும் எரிச்சலும் வந்தது. இத்தனை வருடம் இதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், என்னைத் தவிர.

கூட்டத்திலிருந்து ஒரு பூக்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் தட்டவைத்தான். பெயர், ஊர், கிண்டல், சிரிப்பு. அவர் இறங்கினார். ரெபேக்கா உள்ளே படுத்தாள். மூடி விழுந்தது. மந்திரக்கோல் மூன்று தட்டு.

நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து எண்ணும்போது அவள் தயாராகியிருப்பாள். தட்ட மாட்டாள். தட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

"இந்தப் பிள்ளைய ரெண்டா அறுத்தா, ரேஷன் கார்டுல இன்னொரு பேரு சேக்கணும்ல?" என்று ஆரம்பித்தான். சிரிப்பு. தாலுகா ஆபீஸ் போனான். சிரிப்பு. அப்போது ஒரு நிமிடம் நான் ரசித்தேன். எழுதிவிடுகிறேன், ரசித்தேன். மாட்டிக்கொண்டாயா மேஜிக் ஸ்டார், குழுவினர் இல்லாமல் நில் பார்ப்போம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அவன் இடது கையைப் பார்த்தேன்.

வலது கையில் மைக். இடது உள்ளங்கை பெட்டியின் மூடி மேல் விரித்து வைத்திருந்தது. பேசுகிறான், சிரிக்கிறான், தலையை ஆட்டுகிறான், உடம்பு முழுதும் ஆடுகிறது. அந்தக் கை மட்டும் அசையவில்லை. தட்டலை அவன் காதால் கேட்கிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தச் சிரிப்புச் சத்தத்தில் எந்தக் காதுக்கு என்ன கேட்கும்? கையால்தான் கேட்டிருக்கிறான், இத்தனை வருடமும்.

அவன் ஜெராக்ஸ் கடைக்கு வந்தான்.

ஜெராக்ஸ் கடை விருதுநகரில் வந்தது. அன்றைக்குத்தான் உள்ளே எனக்குக் கால் பிடித்துக்கொண்டது. நகர்த்த முடியாமல் பல்லைக் கடித்துக் கிடந்தேன், மேலே அவன் புதிதாக ஜெராக்ஸ் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். போட்டோ ஸ்டூடியோ தேனியில், தோள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த அன்றைக்கு. ஆட்டோ சிவகங்கையில். அன்று நான் தட்டவே முடியாது, கத்திவிடுவேன் என்று நினைத்த நேரத்தில் அவன் ஆட்டோவைக் கொண்டுவந்தான். நான் தட்டுகிற வரைக்கும் அந்த ஆட்டோ மதுரையைச் சுற்றியது.

அவன் கைதட்டலுக்காக நீட்டவில்லை. எனக்காகக் காத்திருந்திருக்கிறான். ஊருக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல்.

யாரோ என்னைக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊரை ஏமாற்றுவது எங்கள் பிழைப்பு. கடைசி இரண்டு வருடம் அவன் என்னிடமே வித்தை காட்டியிருக்கிறான். 'உன் உடம்பு கேட்கவில்லை பாண்டி' என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு வரவில்லை. ரேஷன் கார்டுக்கு மட்டும் அந்த நாக்கு எத்தனை முழம்!

ஆட்டோவும் முடிந்தது. அவனிடம் இனிக் கதை இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். நிறுத்தவில்லை. "சரி, ஆதார் எடுக்கப் போனா, மேல் பாதிக்குக் கைரேகை இருக்கு. கீழ்ப் பாதிக்கு? காலு ரேகைய எடுத்துக்கிடுவீகளான்னு கேட்டேன்" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் கழுத்தில் வியர்வை கோடு போட்டு இறங்கியது. ஓரத்திலிருந்து பொருட்காட்சிக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

அண்ணன் ரம்பத்தை எடுத்தான்.

அவள் தயாராகத்தான் இருப்பாள், பத்து எண்ணிக்கைக்காரி. ஆனால் ஒருவேளை பயந்து காலை நீட்டியிருந்தால்? வாழைக்காய் வறுத்தேனாம். பாவி.

ரம்பத்தை இடுக்கில் வைத்தான். உள்ளங்கை மூடி மேலேயே இருந்தது. ஒரு நொடி. ரம்பத்தை வெளியே எடுத்து, "இதுக்கு இன்னும் பசிக்கலயாம்" என்றான். சிரித்தார்கள். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். இந்த மனிதன் விடிய விடியப் பேசுவான், மேடையே சரிந்தாலும் பேசுவான், தட்டல் வராமல் அறுக்க மாட்டான்.

"இவ்வளவு நேரம் கத பேசுனதுல பொட்டிக்குள்ள ஆளு இருக்கான்னே சந்தேகம் வந்துருச்சு. இன்னொருத்தரு வந்து தட்டிப் பாருங்கய்யா" என்றான். நாற்பது கை உயர்ந்தது. நான் கையைத் தூக்கவில்லை. எழுந்து நடந்தேன்.

மேடைக்கு நான்கு படி. கைப்பிடி கிடையாது. மூன்றாவது படியில் முழங்கால் நின்றுவிட்டது. அவன் வந்து கையைக் கொடுத்தான், யாரோ ஒரு பார்வையாளருக்குக் கொடுப்பது போல. உள்ளங்கை ஈரமாக இருந்தது.

மைக்கை நீட்டினான். பழக்க தோஷம். "ஒங்க பேரென்னம்மா?"

"பாண்டியம்மாள்."

ஒலிபெருக்கியில் என் பெயர் திடலின் கடைசிவரைக்கும் போனது. ராட்டினம் வரைக்கும் போயிருக்கும். கிண்டலுக்காகக் கூட்டம் காத்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக மேஜிக் ஸ்டாருக்கு வார்த்தை வரவில்லை.

"எந்த ஊரும்மா?" என்றான், மெல்ல.

"இந்தப் பொட்டிதான்ணே. பத்தொம்பது வருசமா."

கூட்டம் பெரிதாகச் சிரித்தது. நல்ல ஜோக் என்று நினைத்துக்கொண்டார்கள்.

குனிந்து இடுக்கில் வாயை வைத்தேன். "ஏ பிள்ள, ஒடம்ப சேத்துட்டியா?"

"எப்பவோ சேத்துட்டேங்க்கா. என்னக்கா பிரச்சின? நான் எதும் தப்புப் பண்ணிட்டனா?"

"நீ ஒண்ணும் பண்ணல. அப்பிடியே இரு. அசையாத."

நிமிர்ந்தேன். அவன் இடது கை மறுபடியும் மூடி மேல் போயிருந்தது. அதன் பக்கத்தில் என் விரல் முட்டியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு அறுத்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. இன்றைக்கு மாடிக்கு வந்தான். நான்தான் ஆரம்பித்தேன்.

"ஒடம்பு முடியலன்னு தெரியும்ல ஒனக்கு? ஏண்ணே சொல்லல?"

அவன் கைப்பிடிச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீ ஏன் அந்தப் பிள்ளைக்குத் தட்டச் சொல்லிக் குடுக்கல?"

"மறந்துட்டேன்" என்றேன்.

"நானும் மறந்துட்டேன்" என்றான்.

இரண்டு பேருக்கும் வாயில் வந்த பொய் ஒன்றுதான். கூடப் பிறந்ததற்கு அத்தாட்சி வேறு வேண்டாம். கோபம் போகவில்லை. போகாது என்றும் அவனிடம் சொன்னேன். என்னை ஏமாற்றிக் காப்பாற்ற உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். ரெபேக்காவிடம் நான் என்ன செய்தேன் என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். அதையும் அவன் என்னிடம் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது.

அச்சகத்துக்காரர் கீழே நிற்கிறார், அடுத்த ஊர்ப் போஸ்டருக்கு. "குழுவினர்ங்கிறத எடுத்துறச் சொல்லியிருக்கேன். மூணு பேரு போடுறோம். ஒன் பேர எப்பிடிப் போட?" என்றான்.

"அப்பா வச்ச பேர அப்பிடியே போடு. பெரிய எழுத்துல."

அவன் இறங்கிப் போனதும் சுவரிலிருந்த துணிகளை மடித்தேன். அண்ணி அடுத்த வாளியோடு வந்தாள். கொடியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொன்னேன்.

"எறக்கவா? அது பத்து வருசமா அதே ஆணியிலதான கெடக்கு" என்றாள்.

"தெரியும் அண்ணி" என்றேன். "எறக்கிக் கட்டு."